கேப்டன் டைகரின் ஓவியரும் மோபியஸும்: இருவரா, ஒருவரா?

தூரிகை நிழல் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் கேப்டன் டைகர் காமிக்ஸ் கதையான 'தங்கக் கல்லறை'யை மீண்டும் எடுத்து, கதையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சித்திரங்களை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்த்து முடித்தேன். அதிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கேப்டன் டைகரை நேசிக்கும் நம்மில் பலர், அந்த ஓவியர் பிற்காலத்தில் ஏதோ புரியாத விண்வெளிக் கதைகளுக்குள் போய்த் தொலைந்துவிட்டார் என்று வருந்துகிறோம். அந்தக் கதைகளில் அவர் இட்ட மோபியஸ் என்ற புனைபெயரைக் கொண்டாடுபவர்களோ, டைகர் கதைகள் அவருக்கு வயிற்றுப்பாட்டுக்கான வேலை என்றும், அவருடைய உண்மையான கலை வேறு இடத்தில் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே மனிதரை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் பிரெஞ்சு ஓவியரான ழான் ஜிரோவின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தால் இந்தப் பங்கீடு நிற்காது என்பதே என் கட்சி.

அவர் 1938-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் பாரிசை ஒட்டிய நோழான்-சுர்-மார்ன் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். பாரிசில் பயன்பாட்டுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர்களில் ஒருவர், பின்னாளில் 'வலேரியன்' தொடரை வரைந்த ழான்-குளோத் மெசியேர். இருவருமே கௌபாய் கதைகளின் மீது பித்துப் பிடித்தவர்கள். 1956-இல் ஜிரோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மெக்சிகோவில் இருந்த தாயைப் பார்க்கப் புறப்பட்டார். பல மாதங்கள் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பாலைவனமும், தடுப்பே இல்லாமல் விரிந்து கிடந்த அந்த வானமும் தன்னைத் திறந்துவிட்டதாக வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். டைகர் கதைகளின் பாறைச் சரிவுகளையும், மோபியஸ் கதைகளில் யாரும் நடமாடாத மணல்வெளிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அவை ஒரே நிலம். பதினெட்டு வயதில் பார்த்த ஒரு நிலத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்துகொண்டே இருந்தவரை எப்படி இரண்டு பேராகப் பிரிப்பது?

மலைப்பாதை எழுதியது:

நண்பரே, உங்கள் பதிவு என்னை நியூஸ்பிரிண்ட் காலத்துக்கே இழுத்துச் சென்றுவிட்டது. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில்தான் நான் டைகரைச் சந்தித்தேன். அன்று ஓவியரின் பெயரைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் எல்லா ஹீரோக்களும் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு நின்ற நேரத்தில், இந்த ஆள் மட்டும் தாடியும் அழுக்குமாக, மூக்கு உடைந்து, உடுப்பு கிழிந்து வந்து நின்றது நன்றாக நினைவிருக்கிறது.

பிரெஞ்சு மூலத்தில் அவர் லெப்டினன்ட் ப்ளூபெர்ரி என்பதும், தமிழில்தான் கேப்டனாக உயர்வு பெற்றார் என்பதும் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1963 அக்டோபர் இறுதியில் 'பிலோத்' என்ற வார இதழில் நவாஹோ கோட்டைக் கதையாகத் தொடங்கியபோது, நடிகர் ழான்-போல் பெல்மோண்டோவின் முகத்தை முன்வைத்தே ஜிரோ அவரை வரைந்தார். முதல் ஆல்பத்தில், அதாவது கதையின் முதல் புத்தகத்தில், அந்த நடிகரை எளிதாக அடையாளம் காணலாம். பத்து ஆல்பங்கள் கடந்த பிறகு பெல்மோண்டோ முழுவதுமாக மறைந்து, வெயிலில் காய்ந்த வேறு ஒரு முகம் வந்துவிடுகிறது. ஒரு ஓவியர் தன் கதாநாயகனுக்கு வயதாக அனுமதிப்பது அந்தக் காலக் காமிக்ஸில் அரிது. டைகர் தண்டனை பெற்றார், பட்டத்தை இழந்தார், தேடப்படும் குற்றவாளியானார். ஒவ்வொன்றும் அந்த முகத்தில் கோடாக விழுந்தது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தப் பெருமையில் சரிபாதி எழுத்தாளர் ழான்-மிஷேல் சார்லியேவுக்கு உரியது. அவரைச் சொல்லாமல் டைகரைப் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

கீறல் எழுதியது:

நான் பாடநூல்களுக்குப் படம் வரைந்து பிழைப்பவன். ஆகவே தொழில் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

ஜிரோவுக்கு உண்மையான குருகுலம் கல்லூரி இல்லை. ஜிஜே என்ற பெயரில் வரைந்த பெல்ஜிய ஓவியர் ஜோசப் ஜிலேனின் வீடுதான். அல்ஜீரியப் போர்க் காலத்தில் கட்டாய இராணுவ சேவையை முடித்துத் திரும்பிய ஜிரோவை, 1961-இல் ஜிஜே தம்முடைய 'ஜெரி ஸ்பிரிங்' தொடரின் ஓர் ஆல்பத்துக்கு மை தீட்ட வைத்தார். குரு பென்சிலில் போட்ட கோட்டின் மேல் சீடன் தூரிகையால் மை இழுக்க வேண்டும். கேட்பதற்குச் சிறு வேலையாகத் தோன்றலாம். ஆனால் தூரிகை என்பது அழுத்தினால் தடித்து, விட்டால் மயிரிழையாக மெலியும் கருவி. கை ஒரு கணம் தயங்கினாலும் அந்தத் தயக்கம் தாளில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஒரு சட்டை மடிப்பை, ஒரு குதிரையின் தொடையை, ஒரு பாறையின் நிழலை ஒரே இழுப்பில் சொல்லும் துணிவு அங்கேதான் வருகிறது. சார்லியே புதிய வெஸ்டர்ன் (கௌபாய்) தொடருக்கு ஓவியர் தேடியபோது ஜிஜே தம் சீடனையே கைகாட்டினார். தொடக்க ஆல்பங்களில் ஜிரோ ஊரில் இல்லாத சமயத்தில் சில பக்கங்களை ஜிஜேவே வரைந்தும் கொடுத்தார். அந்தப் பக்கங்கள் எவை என்று சாதாரண வாசகரால் கண்டுபிடிப்பது கடினம். அந்த அளவுக்குச் சீடனின் கை அன்று குருவின் கையாகவே இருந்தது.

'தங்கக் கல்லறை'யில் நிலைமை மாறிவிடுகிறது. அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடரில் நடக்கும் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைகளில் தூரிகையின் கறுப்புத் திட்டுகளுக்கு இடையே நுண்ணிய கீறல்களும் புள்ளிகளும் நுழையத் தொடங்குகின்றன. வானம் நீலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. ஆரஞ்சாகவும் ஊதாவாகவும் எரிகிறது. தூரிகை நிழல் அவர்களே, நீங்கள் சொல்லும் 'ஒரே மனிதர்' என்பதற்கு எனக்குத் தெரிந்த முதல் சான்று அந்தப் பாறைகள்தான்.

ஆனால் ஒரு சிறு மறுப்பும் உண்டு. மனிதர் ஒருவராக இருக்கலாம். கருவி மாறும்போது கை மாறுகிறது என்பதை வரைபவர்கள் அறிவோம். தூரிகைக்குத் தோளும் முழங்கையும் அசைய வேண்டும். பேனா முள்ளுக்கு விரல் நுனி போதும். டைகர் கதைகளில் ஜிர் என்று கையெழுத்திட்ட பக்கங்களில் உடலின் வேகம் தெரிகிறது, மோபியஸ் பக்கங்களில் மனத்தின் நிதானம் தெரிகிறது. இதை வெறும் பெயர் மாற்றமாக எண்ணிவிடக் கூடாது.

ஊமை வானம் எழுதியது:

நான் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவன் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். டைகரை மதிக்கிறேன், ஆயினும் அவர் இல்லாமலும் வெஸ்டர்ன் காமிக்ஸ் இருந்திருக்கும். மோபியஸின் 'அர்ஸாக்' இல்லாமல் அதற்குப் பின் வந்தவை பல இருந்திருக்காது.

1974 இறுதியில் ஜிரோ, ழான்-பியேர் தியோனே, பிலிப் துரூயே, பெர்னார் ஃபார்க்கா ஆகிய நால்வரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'மெத்தால் யுர்லான்' இதழில்தான் 'அர்ஸாக்' வந்தது. கூம்புத் தொப்பி அணிந்த ஒருவன் கல்லால் செய்தது போன்ற பறவையின் மீது அமர்ந்து பறக்கிறான். ஒரு சொல் கிடையாது. கதையின் தலைப்பைக் கூட ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார். வசனத்தைத் தாங்கும் வெறும் பலகையாகச் சித்திரத்தை எண்ணியிருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும்! ஒரு கதை வாசலும் ஜன்னலும் புகைபோக்கியும் வைத்த வீட்டைப் போலத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அது ஒரு யானையைப் போலவோ கோதுமை வயலைப் போலவோ எரியும் தீக்குச்சியைப் போலவோ இருக்கலாம் என்று அவர் அந்த நாட்களில் எழுதினார்.

அதைத் தொடர்ந்து 'காற்றுப்புகாக் கொட்டகை' வந்தது. மாதம் இரண்டு பக்கங்கள் என்ற கணக்கில், முந்தைய மாதம் என்ன வரைந்தோம் என்பதைப் பற்றிய கவலையே இல்லாமல், 1976 முதல் 1979 வரை அதை வரைந்தார். 1980 இறுதியில் திரைப்பட இயக்குநர் ஜோடரோவ்ஸ்கியின் கதையில் 'இன்கால்' தொடங்கி, எட்டு ஆண்டுகளில் ஆறு பாகங்களாக முடிந்தது. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி அர்ஸாக்கைப் பார்த்துத் தாம் பெற்ற தாக்கத்தை மறைக்காமல் சொன்னவர். மோபியஸோ தம் மகளுக்கு மியாசாகியின் நாயகியான நவ்சிகாவின் பெயரையே வைத்தார். 2004-இல் பாரிசில் இருவருக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி நடந்தது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் மோபியஸ். டைகருக்கு இதில் என்ன பங்கு?

தூரிகை நிழல் எழுதியது:

ஊமை வானம் அவர்களுக்கு: பங்கு உண்டு. 1973 தொடக்கத்தில் அதே 'பிலோத்' இதழில் ஜிரோ 'மாற்றுப்பாதை' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு சிறுகதையை வெளியிட்டார். மனைவி, குழந்தையுடன் காரில் விடுமுறைக்குப் புறப்படும் ஓவியர், வழியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, விபரீதங்கள் நிறைந்த ஒரு நிலத்துக்குள் நுழைந்துவிடுகிறார். கோடுகள் அனைத்தும் பேனா முள்ளால் நெய்யப்பட்டவை. மோபியஸ் பாணியின் பிறப்பு என்று எல்லோரும் சுட்டுவது இந்தக் கதையைத்தான். ஆனால் அதன் அடியில் இருக்கும் கையெழுத்து 'ஜிர்'. டைகரை வரைந்தவரின் கையெழுத்து!

மோபியஸ் என்ற பெயரோ அதற்கும் பத்தாண்டுகள் முந்தையது. டைகர் தொடங்கிய அதே காலத்தில், 'ஹரா-கிரி' என்ற நையாண்டி இதழில் குறும்புக் கதைகள் வரைவதற்காக அவர் அதைச் சூடிக்கொண்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டார். ஆகவே டைகர் முடிந்து மோபியஸ் தொடங்கினார் என்று வரிசை கட்ட முடியாது. ஒரே ஆண்டுகளில், ஒரே மேசையில் இரண்டும் இருந்தன. ஒரு பக்கத்தை இரண்டு பக்கம் உள்ளதாகக் காட்டி, விரலால் தடவிப் போனால் ஒரே பக்கமாக முடியும் மோபியஸ் நாடாவின் பெயரை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தாழை எழுதியது:

எனக்கு ஓர் ஐயம், ஐயா. டைகரை ஜனாதிபதி கொலைச் சதியில் மாட்டிவிட்டு, 'ஏஞ்சல் ஃபேஸ்' ஆல்பத்தோடு தொடர் நின்றுபோய், அடுத்த கதை 1979-இல்தான் தொடங்கியது என்று படித்தேன். ஒரு வாசகியாக அந்த இடைவெளியை நினைத்தாலே பதறுகிறது. ஹீரோ தலைமறைவாக இருக்கும்போது ஓவியர் எப்படி எழுந்து போக மனம் வந்தது?

மலைப்பாதை எழுதியது:

அம்மா, நாம் அந்த இடைவெளியை அறியாமல் 'மின்னும் மரணம்' என்று ஒரே தொகுப்பாகப் படித்துவிட்டோம். பிரெஞ்சு வாசகர்கள்தான் காத்திருந்து தவித்தார்கள்.

காரணம் கலை மட்டும் அன்று, கூலியும் கூட. பதிப்பாளருடன் ராயல்டி தொடர்பாகத் தகராறு முற்றியதால் 1974-இல் சார்லியேவும் ஜிரோவும் சேர்ந்தே வெளியேறினார்கள். ஆல்பங்கள் நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. தாம் உண்டாக்கிய கதாநாயகனின் வருவாயில் உரிய பங்கு வேண்டும் என்று கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 1968 மே மாதக் கிளர்ச்சியின்போதே 'பிலோத்' ஓவியர்கள் தங்கள் ஆசிரியர் கோசினியை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஜிரோவும் ஒருவர். அந்தக் கசப்பு நெடுநாள் இருந்தது.

டைகர் திரும்பி வந்த இடம் எது தெரியுமா? 1979-இல் அவருடைய அடுத்த கதை முதலில் தொடராக வந்தது 'மெத்தால் யுர்லான்' இதழில். அர்ஸாக் பறந்த அதே இதழின் பக்கங்களில் டைகர் குதிரையில் வந்தார். தூரிகை நிழலின் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சியை நான் காணவில்லை.

கீறல் எழுதியது:

மலைப்பாதை ஐயாவின் கடைசிச் செய்தி எனக்குப் புதிது, மகிழ்ச்சி. அந்த 1980-களின் டைகர் ஆல்பங்களில் கோடு தெளிந்துவிட்டதைக் கவனித்தீர்களா? பழைய ஆல்பங்களின் புழுதியும் அடர்ந்த கறுப்பும் குறைந்து, வெளி கூடியிருக்கிறது. பனியில் டைகர் ஓடும் பக்கங்களில் வெள்ளைத் தாளையே பனியாக விட்டுவிடுகிறார். பேனாவிலிருந்து கற்றதைத் தூரிகைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கை மாறுகிறது என்று முன்பு சொன்னேன். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தன என்று அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஊமை வானம் எழுதியது:

இவ்வளவு தூரம் வந்த பிறகு நானும் பாதி இறங்கி வருகிறேன். திரைப்படங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1975-இல் ஜோடரோவ்ஸ்கி 'டியூன்' நாவலைப் படமாக்க முயன்றபோது, ஜிரோ ஏறத்தாழ 3000 சித்திரங்களில் முழுப் படத்தையும் காட்சி காட்சியாக வரைந்து கொடுத்தார். ஹாலிவுட் நிறுவனங்கள் முதலீடு செய்ய மறுத்ததால் படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் அங்கே அவருடன் வேலை செய்த டான் ஓபானன் எழுதிய 'தி லாங் டுமாரோ' என்ற சிறு துப்பறியும் கதையை ஜிரோ வரைந்தார். அடுக்கடுக்காக ஆழத்தில் இறங்கும் அதன் நகரம், 'பிளேட் ரன்னர்' படத்தின் தோற்றத்துக்கு ஒரு தூண்டுதலாக இருந்ததை ரிட்லி ஸ்காட்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகளும் 'ட்ரான்' படத்தின் ஆடைகளும் ஜிரோவின் கையிலிருந்து வந்தவை.

எனக்கு இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. வார இதழின் கெடுவுக்குள், பல தொடர்களை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டு, கதையைத் துண்டு துண்டாகவும் தாமதமாகவும் அனுப்பும் சார்லியேவிடம் பத்தாண்டுகள் வேலை செய்த பயிற்சி இல்லாமல், ஒரு மனிதர் அத்தனை ஆயிரம் சித்திரங்களை அந்த வேகத்தில் வரைந்திருக்க முடியாது.

தாழை எழுதியது:

'என் பெயர் டைகர்' பற்றிப் பெரியவர்களின் கருத்து என்ன? எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. கதாநாயகன் முதுகில் குண்டு வாங்கிக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று என் அண்ணன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

மலைப்பாதை எழுதியது:

அம்மா, உங்கள் அண்ணன் பக்கமே நானும் ஓரளவு சாய்கிறேன். 1989 ஜூலையில் சார்லியே மறைந்தபோது 'அரிசோனா லவ்' என்ற டைகர் கதை பாதியில் நின்றது. ஜிரோ அதை முடித்தார். 'என் பெயர் டைகர்' கதை அடங்கிய, 1995 முதல் 2005 வரை வந்த ஐந்து ஆல்பங்களை அவரே எழுதி அவரே வரைந்தார். சித்திரங்களில் குறை காண முடியாது. டூம்ஸ்டோன் நகரின் மரப்பலகைகளை எண்ணிவிடலாம். ஆனால் சார்லியேவின் கதைகளில் இருந்த முடிச்சும் ஓட்டமும் எனக்குக் கிடைக்கவில்லை.

தூரிகை நிழல் எழுதியது:

இந்த ஓர் இடத்தில் மலைப்பாதை ஐயாவோடு மாறுபடுகிறேன். ஐம்பத்தேழு வயதான ஓவியர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடவிட்ட மனிதனைப் படுக்க வைத்து, அவன் வாயிலிருந்து பழைய நாட்களைக் கேட்க விரும்பியதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஓ.கே. கொரல் துப்பாக்கிச் சண்டை ஊரெங்கும் கொதித்துக்கொண்டிருக்க, கதாநாயகன் கட்டிலில் கிடந்து அப்பாச்சி வீரர் ஜெரோனிமோவைப் பற்றிச் சொல்கிறான். எனக்கு அது ஓவியரே பேசுவது போலத்தான் கேட்டது.

இங்கே யாரும் தொடாத ஒரு படைப்பைச் சொல்லி என் பக்கத்தை நிறைவு செய்கிறேன். கஞ்சாவை விட்டுவிடத் தீர்மானித்த பிறகு, ஜிரோ குறிப்பேடுகளில் திருத்தமே இல்லாமல், வேகமான கோடுகளில் தன்னைப் பற்றி வரைந்துகொண்டே போனார். 2004 முதல் 2010 வரை அது 'இன்சைட் மோபியஸ்' என்று ஆறு பாகங்களாக வெளிவந்தது. கதை நடக்கும் பாலைவனத்துக்கு அவர் இட்ட பெயர், பிரெஞ்சில் களை பறித்தல் என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். அந்தப் பாலைவனத்தில் கண்ணாடி அணிந்த வயதான ஓவியர் நடந்துகொண்டிருக்கிறார். இளவயது ஜிரோ எதிரே வந்து அவரோடு வாதிடுகிறான். அர்ஸாக் வருகிறான், காற்றுப்புகாக் கொட்டகையின் மேஜர் வருகிறார், டைகரும் வருகிறார். எல்லோரும் தங்களை உண்டாக்கியவரிடம் குறை சொல்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஒரே தாளில், ஒரே பேனாவில், ஒரே மணல்மீது அவர்கள் அனைவரும் நிற்கிறார்கள்.

ஜிரோ 2012 மார்ச் 10 அன்று பாரிசில் காலமானார். மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கீறல் எழுதியது:

நன்றி, நண்பரே. 'தங்கக் கல்லறை'யின் இரண்டாம் பகுதியையும் அர்ஸாக்கின் சில பக்கங்களையும் இன்று இரவு மேசையில் அருகருகே விரித்து வைக்கப் போகிறேன். பாறைகளை மட்டும் பென்சிலில் நகலெடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். எந்தப் பாறை எந்தக் கதையிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லுங்கள்.